சுவரின் நிறத்தை வெளிச்சத்திடம் கேளுங்கள்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசவிருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

மழை ஓய்ந்ததும், தை பிறப்பதற்குள் வீட்டுக்கு வண்ணம் அடித்துவிட வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. ஒருவர் சாம்பல் நிறம் என்பார், ஒருவர் சந்தனம் என்பார், இன்னொருவர் பேசாமல் வெள்ளையே அடித்துவிடலாம் என்பார். விவாதம் எப்படிப் போனாலும், எல்லா அறைக்கும் ஒத்துவருகிற, எந்தத் திரைச்சீலைக்கும் எந்த நாற்காலிக்கும் இடைஞ்சல் செய்யாத, ஐந்தாறு வருடம் கண்ணை உறுத்தாத ஒரு பொது நிறம் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுவீர்கள். அந்த நிறத்தைக் கடைக்காரர் தரும் அட்டையில் தேடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பொது நிறம் என்று ஒன்று டப்பாவுக்குள் தயாராக இருப்பதில்லை. உங்கள் அறைக்குள் வரும் வெளிச்சத்துக்கு ஒரு சாயல் உண்டு. தரைக்கும் கதவுக்கும் ஒரு சாயல் உண்டு. அவற்றை ஈடுகட்டி, அறையில் எதையும் துருத்தாமல் வைக்கும் நிறமே அந்த வீட்டின் பொது நிறம். இந்தக் கணக்கின்படி பார்த்தால், இன்றைய தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இலேசாக மஞ்சள் தோய்ந்த, நன்றாக வெளிறிய வெள்ளைதான் பொருந்தும். சாம்பலும் பொருந்தாது, பளீர் வெள்ளையும் பொருந்தாது. இந்த முடிவுக்கு வரக் காரணம் என்ன என்பதையும், இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளுக்கு என்ன பதில் என்பதையும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நிறம் தனித்து நிற்பதில்லை என்பது இன்று நேற்று கண்டறிந்த செய்தி அல்ல. பாரிஸில் புகழ்பெற்ற கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலுக்கு ஏற்றிய சாயம் சோகையாக இருக்கிறது என்ற புகார் அவரிடம் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்பை ஒட்டி நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதன் ஆழத்தைக் கெடுத்துக் காட்டின. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த இயல்பை விளக்கி 1839இல் அவர் வெளியிட்ட நூல், ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் இன்றும் திரும்பிப் பார்க்கும் ஒன்று. சுவர் வண்ணத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், அழுத்தமான சிவப்போ பச்சையோ பக்கத்தில் எது இருந்தாலும் ஓரளவு தன் குணத்தை விட்டுக்கொடுக்காது. வெளிறிய நிறங்களுக்கோ சொந்தச் சாயலே மிகக் கொஞ்சம். மேலே விழும் ஒளியும் பக்கத்தில் நிற்கும் பொருளும் அவற்றை எளிதில் தம் பக்கம் இழுத்துவிடும். எல்லோரும் பத்திரமானது என்று நம்பித் தேர்ந்தெடுக்கும் வெளிர் நிறங்கள்தாம் உண்மையில் ஆளை ஏமாற்றக்கூடியவை. கடையில் பாலாடை நிறமாகத் தெரிந்தது வீட்டில் எலுமிச்சையாகிறது; வெள்ளி போல் தெரிந்தது ஊதாவாகிறது. குற்றம் கடைக்காரருடையது அல்ல, பெயின்டருடையதும் அல்ல. விரலளவு அட்டையை, வெள்ளை ஓரத்துக்கு நடுவில், கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவுசெய்ததன் விளைவு அது.

நம் பழைய வீடுகள் இந்த ஈடுகட்டும் கணக்கை நன்றாக அறிந்திருந்தன. சுண்ணாம்பு அடிக்கும்போது அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள். கல் சுண்ணாம்பில் இயல்பாகவே ஒரு மெல்லிய பழுப்பு இருக்கும். அந்தப் பழுப்பை நீலம் அடக்கி, சுவரை வெளேரென்று காட்டும். அதோடு அந்த வீடுகளின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் முற்றத்தின் வழியே கொட்டும். தரை சிவப்புக் காவி பூசியதாகவோ செங்கல் பாவியதாகவோ இருக்கும். தூணும் கதவும் தேக்கு. தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி செம்மை ஏறியே சுவருக்குப் போகும். அந்தச் செம்மைக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நீலச்சாயல். ஆகவே நீலம் கலந்த வெள்ளை அந்த வீட்டில் குளிர்ந்து உறையாமல், தூய வெள்ளையாக நின்றது. இரவில் எரிந்த விளக்கெண்ணெய் விளக்கும் அரிக்கேனும் பின்னால் வந்த குண்டு பல்பும் மஞ்சள் ஒளி தருபவை என்பதால் இரவிலும் அந்தக் கணக்கு தப்பவில்லை. அந்த வெள்ளையடிப்பைப் பழக்கம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வெளிச்சம், தரை, சுவர் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு நுட்பமான தீர்வு அது.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். மூன்றுமே மாறிவிட்டன. முற்றம் போய் ஜன்னல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தரையில் வெள்ளை அல்லது வெளிர்ச் சாம்பல் விட்ரிஃபைடு டைல்ஸ். அதில் செம்மை துளியும் இல்லை. இரவு விளக்கு எல்இடி. அதன் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ‘கூல் டேலைட்’ என்றும் 6500 கெல்வின் என்றும் அச்சிட்டிருக்கும். கெல்வின் எண் கூடக் கூட ஒளி நீலத்தின் பக்கம் சாயும். 2700, 3000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பைப் போல மஞ்சளாக இருக்கும். 4000 நடுவில் நிற்கும். சுண்ணாம்பின் இடத்தில் இப்போது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி வந்துவிட்டது. அந்தப் பொடி தரும் வெண்மையில், அடக்குவதற்குப் பழுப்பே இல்லை. அப்படியிருக்க, நீலம் கலந்தது போலிருக்கும் பளீர் வெள்ளையை இந்த வீட்டில் பூசினால், குளிர்ந்த தரை, குளிர்ந்த விளக்கு, குளிர்ந்த சுவர் என்று மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. தாத்தா பாட்டி காலத்து வெள்ளையின் மேல் உள்ள பாசத்தில் அதே வெள்ளையை இங்கே கொண்டுவந்தால், அவர்களுடைய கணக்கை நாம் மீறுகிறோம். அவர்கள் செம்மைக்கு எதிராக நீலத்தை வைத்தார்கள். நாம் நீலத்துக்கு எதிராக ஒரு துளி மஞ்சளை வைக்க வேண்டும். முறை ஒன்றுதான், விடைதான் வேறு.

ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வெளிநாட்டு அறிவுரைகள் நம்மை மிகவும் குழப்புகின்றன. வடக்கு பார்த்த அறை எப்போதும் குளிர்ந்த வெளிச்சம் உள்ளது, தெற்கு பார்த்த அறை எப்போதும் வெயில் நிறைந்தது என்று ஐரோப்பிய, அமெரிக்க வீட்டலங்கார நூல்கள் சொல்லும். சூரியன் வருடம் முழுவதும் தெற்கிலேயே சாய்ந்து நிற்கும் நாடுகளுக்கு அது சரி. சென்னை இருப்பது வட அட்சம் 13 பாகையில். கன்னியாகுமரி 8 பாகையில். ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீள்கிறது. மார்கழியில் அதே சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து, தெற்கு ஜன்னல் வழியே தரை வரை வந்து விழும். எனவே நமக்கு வடக்கு, தெற்கைவிடக் கிழக்கும் மேற்கும்தான் பெரிய வேறுபாடு. கிழக்கு அறை காலையில் பொன்னொளியிலும் பிற்பகலில் நீலம் கலந்த வான ஒளியிலும் இருக்கும். மேற்கு அறையில் இது தலைகீழாகும், அந்தி வெயில் சுவரையே மஞ்சளாக்கும். நகரங்களில் இதையும் மிஞ்சுகிற ஒன்று உண்டு. அடுக்குமாடிகளுக்கு இடையில் சில அடி இடைவெளிதான் இருக்கிறது. உங்கள் ஜன்னலில் தெரிவது வானம் அல்ல, பக்கத்து வீட்டின் சுவர். அந்தச் சுவர் ரோஜா நிறம் என்றால் உங்கள் படுக்கையறைக்குள் வருவது ரோஜா நிற வெளிச்சம். வாசலில் வேப்பமரம் அடர்ந்திருந்தால் வருவது பச்சை கலந்த ஒளி. ஒரே டப்பா பெயின்ட் ஒரே வீட்டின் நான்கு அறைகளில் நான்கு விதமாகத் தெரிவதன் காரணம் இதுதான். இலேசான மஞ்சள் தோய்ந்த வெள்ளை இந்த வேறுபாடுகள் அனைத்தையும் தாங்கிக்கொள்ளும். நீல ஒளியில் அது வெள்ளையாகும், பொன்னொளியில் பாலாடையாகும். எந்தப் பக்கம் போனாலும் நோய்ப்பட்ட நிறமாகத் தெரியாது.

அடுத்து, சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பது. பெயின்ட் நிறுவனங்கள் பலவும் தங்கள் நிறங்களுக்கு எல்ஆர்வி என்று ஒரு எண் தருகின்றன. எல்லா ஒளியையும் விழுங்கும் கருமைக்கு 0, எல்லா ஒளியையும் திருப்பும் வெண்மைக்கு 100. இந்த எண்ணில் சிறு மாற்றம்கூட அறையில் பெரிய மாற்றமாகும், ஏனென்றால் ஒளி ஒரே முறை சுவரில் பட்டு நின்றுவிடுவதில்லை. சுவருக்குச் சுவர் மோதி மோதித்தான் அறை நிறைகிறது. சுவர், கூரை, தரை எல்லாமே 80 விழுக்காடு ஒளியைத் திருப்பும் ஓர் அறையைக் கற்பனை செய்தால், உள்ளே வந்த ஒளி மோதல்களால் 5 மடங்காகத் திரளும். அதுவே 60 விழுக்காடு என்றால் இரண்டரை மடங்குதான். உண்மையான வீட்டில் ஜன்னலும் அலமாரியும் சோபாவும் ஒளியை விழுங்குவதால் இவ்வளவு இடைவெளி வராது. ஆனால் போக்கு இதுவே. பரவலாக விரும்பப்படும் சாம்பல் நிறங்கள் பலவற்றின் எல்ஆர்வி 60ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது. நல்ல வெளிர் வெள்ளைகளின் எண் 75க்கு மேல். சிறிய ஜன்னல், அதில் கம்பி, அதற்கு வெளியே கொசுவலை, அதற்கும் மேலே சன்ஷேட் என்று ஏற்கெனவே ஒளியைக் குறைத்துக்கொண்டுவிட்ட நம் வீடுகளில் இந்த வேறுபாடு பகலிலேயே விளக்குப் போடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளேறி ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. இளையவருக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. சுவர் திருப்பித் தரும் ஒளி, படியையும் மருந்துச் சீட்டையும் அவர்கள் தெளிவாகப் பார்ப்பதற்கான உதவி. ஒளி இப்படி மோதி மோதித் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் பெயின்டின் சாயலை ஏற்றிக்கொண்டே போகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அட்டையில் இருப்பதைவிடச் சுவரில் மஞ்சள் தூக்கலாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். எனவே பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதையே எடுங்கள்.

சாம்பல் நிறத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று இளையவர்கள் பலர் கேட்பது அதைத்தான். சாம்பலில் அழகில்லை என்பது என் வாதம் அல்ல. பெரிய கண்ணாடிச் சுவர், மரத்தரை, 2700 கெல்வின் விளக்குகள் உள்ள கூடத்தில் அது மிக அமைதியாக இருக்கும். படங்களில் நாம் பார்த்து ஆசைப்படுவது அந்தக் கூடத்தைத்தான். அங்கே தரையும் விளக்கும் சூட்டைத் தருகின்றன. சாம்பல் அதை ஈடுகட்டுகிறது. நம் வீட்டில் ஈடுகட்டச் சூடு இல்லை. 6500 கெல்வின் விளக்கின் கீழ் சாம்பலில் ஒளிந்திருக்கும் நீலமோ ஊதாவோ வெளியே வந்துவிடும். அதோடு நம் வீட்டுக் கதவும் நிலையும் பெரும்பாலும் தேக்கு, அல்லது தேக்கு நிறத்தில் பாலிஷ் போட்ட மரம். ஆரஞ்சுப் பழுப்பான அந்த மரத்தை ஒட்டி நடுநிலைச் சாம்பலை வைத்தால், ஷெவ்ரோல் விளக்கிய அதே இயல்பின்படி, மரத்துக்கு எதிரான நீலம் அந்தச் சாம்பலில் தோன்றும். கதவு நிலையை ஒட்டிய சுவர் மட்டும் நீலம் பாரித்துத் தெரிகிறதே என்று பலர் குறைப்படுவது இதனால்தான். மஞ்சள் தோய்ந்த வெள்ளையோ தேக்கோடு ஒரே குடும்பத்து நிறம். பக்கத்தில் நின்றால் சண்டை வராது. சாம்பல்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் பழுப்பு அடியோட்டமுள்ள வெளிர்ச் சாம்பலை எடுத்து, விளக்குகளை முதலில் மாற்றுங்கள். விளக்கை மாற்றாமல் சாம்பலைப் பூசுவது பாதி வேலை.

வெளிர் நிறம் அழுக்காகும் என்பது அடுத்து வரும் மறுப்பு. குழந்தைகள் உள்ள வீட்டில் இது நியாயமான கவலை. ஆனால் கறை துடைத்தால் போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெயின்டின் தரம், நிறம் அல்ல. டிஸ்டெம்பரில் எந்த நிறமும் ஈரத்துணி பட்டால் கையோடு வரும்; கழுவக்கூடிய எமல்ஷனில் வெளிர் நிறத்தின் கறையும் போகும். சுவரில் படிவதைக் கவனித்தால் இன்னொன்றும் விளங்கும். நம் ஊர்த் தூசி செம்பழுப்பானது. பளீர் வெள்ளையில் அது உடனே தெரியும், பாலாடை நிறத்தில் கலந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய சுவரில் உப்புப் பூக்கும். அந்த வெள்ளைப் பொடி சாம்பலிலும் நீலத்திலும் திட்டுத் திட்டாகத் துருத்தும், வெளிர் நிறத்தில் அடங்கியிருக்கும். உப்பு பூத்தால் ஈரத்தின் மூலத்தைத்தான் அடைக்க வேண்டும், நிறத்தால் மறைக்கக் கூடாது என்பது வேறு விஷயம். ஆணி அடித்த ஓட்டையை அடைத்து அந்த இடத்துக்கு மட்டும் டச்சப் செய்யும்போதும், அழுத்தமான நிறத்தில் ஒட்டுப்போட்டது தெரியும். வெளிர் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. பராமரிப்பை வைத்துப் பார்த்தாலும் வெளிர் நிறத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது. சமையலறையிலும் குழந்தைகள் கை படும் உயரத்திலும் மட்டும் நன்றாகக் கழுவக்கூடிய, இலேசான மினுமினுப்புள்ள எமல்ஷனை அதே நிறத்தில் அடியுங்கள். மற்ற சுவர்களுக்கு மினுமினுப்பில்லாத மேட் போதும். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளத்தை அது காட்டிக்கொடுக்காது.

ஆஸ்பத்திரி போலிருக்கும், சலிப்பாக இருக்கும் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரித் தோற்றத்துக்குக் காரணம் நீலமேறிய வெள்ளையும், நீலமேறிய டியூப்லைட்டும், பளபளக்கும் வெள்ளைத் தரையும் ஒன்றுசேர்வதுதான். இவற்றில் இரண்டை மாற்றினாலே அது போய்விடும். சலிப்பைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. கொடியில் காயும் சேலை, பூஜை அலமாரி, காலண்டர், பித்தளைப் பாத்திரம், குழந்தைகளின் புத்தகப்பை, திரைச்சீலை என்று கண் போகும் இடமெல்லாம் அழுத்தமான நிறங்கள்தாம். இத்தனைக்கும் பின்னணியாக நிற்பது சுவரின் வேலை. அது தானும் ஒரு நிறத்தை உரக்கச் சொன்னால் எதுவுமே எடுபடாது. நிறத்தின் மேல் ஆசை இருந்தால் அதைக் கதவிலும், ஒரு சிறிய சுவரிலும், மெத்தை விரிப்பிலும் செலவிடுங்கள். சலித்தால் மாற்றுவது எளிது. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல். திசைக்குத் திசை சொல்லப்படும் நிறப் பட்டியல்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. உங்கள் நம்பிக்கை எதுவானாலும் அந்த நிறத்தைப் பூஜையறையிலோ வாசற்கதவிலோ வைத்து நிறைவேற்றிக்கொள்ளலாம். அதற்காக வீட்டின் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிர் நிறம் வெளிச்சத்தை உண்டாக்காது. வந்த வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். ஜன்னலே இல்லாத நடு அறை, மாடிப்படிக்குக் கீழான மூலை, நீண்ட நடை ஆகியவற்றில் பகலில் ஒளியே இல்லை என்றால் எந்த வெள்ளையும் அழுக்குப் படிந்தது போலத்தான் தெரியும். அங்கே நல்ல விளக்கைப் போடுவதே முதல் வேலை. விளக்குக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் காவி, தேன் போன்ற நடுத்தர அழுத்தமுள்ள நிறத்தைத் துணிந்து அடிக்கலாம். பிற்பகல் முழுதும் மேற்கு வெயில் கொட்டும் அறையில் மஞ்சள் தோய்ந்த வெள்ளை கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். அதற்கு இன்னும் ஒரு படி வெளிறியதை எடுப்பதே பரிகாரம். பழைய சிவப்புத் தரையும் முற்றமும் இன்னும் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு என் யோசனை பொருந்தாது. உங்கள் வீட்டுக்கு அந்தத் தூய வெள்ளையே சரி, முடிந்தால் சுண்ணாம்பாகவே அடியுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். முதலில் விளக்கை முடிவுசெய்யுங்கள். 3000 அல்லது 4000 கெல்வினில், எல்லா அறைக்கும் ஒரே எண்ணில் வாங்கினால் வீடு சீராக இருக்கும். பிறகு அட்டையில் உங்களுக்குப் பிடித்த மூன்று வெளிர் நிறங்களைக் குறியுங்கள். அட்டையில் அந்த நிறத்தின் வரிசையிலேயே உள்ள மிக அழுத்தமான நிறத்தைப் பார்த்தால், வெளிர் நிறத்துக்குள் ஒளிந்திருப்பது மஞ்சளா, பச்சையா, ரோஜாவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தாலும் உள்சாயல் வெளியே வரும். மூன்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் மூன்று கெட்டி அட்டைகளில் ஓரம் வரை முழுவதும் இரண்டு கோட்டு அடித்துக் காயவிடுங்கள். பழைய நிறத்தின் மேல் நேராகச் சுவரில் அடித்துப் பார்த்தால், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். ஈரமாக இருக்கும்போதும் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்ததும் சற்று அழுத்தமாகும். அந்த அட்டைகளை மேசையில் படுக்க வைக்காமல், சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். கதவு நிலையை ஒட்டி ஒருமுறை, டைல்ஸை ஒட்டி ஒருமுறை, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒருமுறை, ஜன்னல் உள்ள சுவரிலேயே ஒருமுறை. காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி, இரவு விளக்கில் என்று நான்கு வேளையும் பாருங்கள். நான்கு வேளையில் ஒரு வேளையிலாவது எந்த அட்டை முகம் சுளிக்க வைக்கிறதோ அதை விலக்கிவிடுங்கள். நான்கு வேளையும் கவனத்தை இழுக்காமல் இருப்பதே நீங்கள் தேடும் நிறம். கைப்பேசித் திரையில் சுவருக்கு நிறம் மாற்றிக் காட்டும் செயலிகளை இந்த முடிவுக்கு நம்ப வேண்டாம். திரை தானே ஒளிர்வது, சுவர் அப்படியல்ல.

நிறத்தை முடிவு செய்தபின் அதைக் காப்பாற்றுவதும் உங்கள் கையில் இருக்கிறது. வெளிர் நிறங்களைக் கடையின் இயந்திரம் வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு போன்ற சாயங்களைச் சில துளிகள் விட்டுத்தான் உண்டாக்குகிறது. அளவு அவ்வளவு சிறிது என்பதால் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வேறுபாடு வரலாம். ஓர் அறைக்கு வேண்டிய பெயின்ட் முழுவதையும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். நிறத்தின் எண், பெயின்டின் வகை, பேஸ், வாங்கிய தேதி நான்கையும் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்; அடுத்த முறை டச்சப்புக்கு அது உதவும். புதுப் பூச்சு நன்றாக உலரட்டும்; பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடிக்காமல் எமல்ஷனுக்குப் போகாதீர்கள். சுவர் ஒரே சீராக உறிஞ்சாவிட்டால் நீங்கள் அரும்பாடுபட்டுத் தேர்ந்த நிறம் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். கதவிலும் கிரில்லிலும் உள்ள பழைய எனாமலைச் சுரண்டும்போது குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சளிலும் ஆரஞ்சிலும், ஈயம் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த தூசி பறக்காமல் ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லி, பெயின்டருக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த முடிவைப் பணம் கொடுப்பவர் மட்டும் எடுக்க வேண்டாம். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, சமையலறையில் நிற்பவர் யாரோ, பகலெல்லாம் கட்டிலில் படுத்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர் யாரோ, அவர்களிடம் அந்த மூன்று அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் சொல்வதே இறுதி முடிவாக இருக்கட்டும். ஒரு நாள் பொறுத்திருந்து பார்ப்பதற்குச் செலவு மூன்று சிறிய டப்பாக்கள்தான். பார்க்காமல் அடித்த நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் முழு வீட்டுக்கும் மறுபடி கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடனும் பொங்கல் வாழ்த்துகளுடனும்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்